பால் சொசைட்டி வரை வந்த பஸ்

இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நீ உயிரோடு இருந்த கடைசி சில வருடங்கள் உன்னோடு பேசவில்லை. நீ போன பிறகு உன்னைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. முதலாவது நானே எடுத்த முடிவு. இரண்டாவது எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்கே விளங்கவில்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியில் இப்போது உன் விசிலும் தொங்குகிறது. பச்சைக் கயிறு கோத்த பிளாஸ்டிக் விசில், என் தம்பிக்கு நீ கொடுத்தது. இன்று காலை தாள் கிழிக்கப் போனபோது கையில் தட்டுப்பட்டது. கயிற்றை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். சொல்யூஷன் வாடை. ஷூ கம்பெனியில் தோலையும் அடிப்பாகத்தையும் ஒட்டுகிற பசையின் வாடை, லேசாக இனிப்பது போல வந்து நெற்றிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நீ டைம் ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்து ஒட்டும் பிரிவுக்குப் போனதே கிடையாது. ஆனாலும் உன் சட்டையில் அது எப்போதும் இருந்தது. என் சட்டையில் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் நாறின. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேதியியல் படித்தவர்கள் நாம். நீ ஷூ கம்பெனியில் ஆள் கணக்கும் பஸ் ஏற்பாடும் பார்க்கப் போனாய். நான் தோல் பதனிடும் ஷெட்டின் லேபில் கழிவு நீரைச் சோதிக்கப் போனேன். "படிச்ச படிப்புக்கு ரெண்டு பேருக்கும் நல்ல சென்ட் கெடச்சுதுடா தோஸ்த்" என்பாய். அப்போது சிரித்தேன். லேபில் எனக்குக் கீழே வேலை கற்றவனை எனக்கு மேலே மேனேஜராகப் போட்ட பிறகு எனக்கு அதில் சிரிப்பு வருவது நின்றுவிட்டது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. பஸ்ஸைப் பற்றி.

மாதனூர் தாண்டி எங்கள் ஊர் கூட்ரோட்டில் ஒயின்ஷாப்பைக் கொண்டுவந்து வைத்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். உங்கள் கம்பெனி பஸ் சாயங்காலம் சரியாக அதற்கு எதிரேதான் நிற்கும். இறங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் தையல் பிரிவுப் பெண்கள். அவர்கள் இறங்கும் இடத்தில் இரண்டு சக்கர வண்டிகள் தாறுமாறாக நிற்கும். பிளாஸ்டிக் தம்ளரும் அவித்த முட்டையுமாக ஆண்கள் சாலை ஓரத்திலேயே குந்தியிருப்பார்கள். ஒருவன் பாடுவான், ஒருவன் வாந்தியெடுப்பான், ஒருவன் வழியை அடைத்துப் படுத்திருப்பான். சம்பள சனிக்கிழமைகளில் அடிதடி கட்டாயம் உண்டு. எங்கள் தெரு நிர்மலாவின் துப்பட்டாவை ஒருவன் பிடித்து இழுத்ததும் அவள் டிபன் பாக்ஸால் அவன் வாயில் அடித்ததும் அங்கேதான். உங்கள் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் என் தம்பி இறங்குவதும் அங்கேதான். பஸ்ஸின் கடைசிப் படியிலிருந்து அவன் கால் நேராகக் கடைக்குள் போகும். வீட்டுக்கு வரும்போது அந்தக் கால்கள் அவன் பேச்சைக் கேட்காது.

கடையை மூடச் சொல்லி நான் மனு எழுதினேன். உனக்குத் தெரியும், நான் நன்றாக எழுதுவேன். திங்கட்கிழமை குறைதீர்வுக் கூட்டத்தில் வரிசையில் நின்று கலெக்டர் கையில் கொடுத்தேன். முதல் கையெழுத்து என்னுடையது. அதற்குக் கீழே பெருவிரல் ரேகை உட்பட ஊரே இருந்தது. உன்னிடமும் கேட்டேன். டைம் ஆபீஸ் சன்னல் வழியாகப் பேனாவை நீட்டினேன். நீ அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு டீ சொன்னாய்.

"நான் எதுக்குடா? நான் ஆம்பூர்க்காரன். ஒங்க ஊர் கடைக்கு நான் கையெழுத்து போட்டா சிரிப்பாங்க."

"பஸ் உன்னுது தானே?"

"பஸ் என்னுது. அத நான் பாத்துக்கறேன். பேரு போட்டா சண்டை ஆயிடும், போடாட்டி வேலை ஆயிடும். நீ போய் சண்டை போடு, நான் வேணாங்கல."

அந்தப் பேச்சு எனக்கு உறைத்தது. பயந்தவனின் சாமர்த்தியம் என்று நினைத்தேன். இப்போதும் பாதி நாட்கள் அப்படித்தான் நினைக்கிறேன்.

மனு வேலை செய்தது என்பதை நீ மறுக்க முடியாது. என் வீட்டு வாசலில் பாட்டில் உடைத்துப் போட்டார்கள். தெருவில் போகும்போது பின்னாலிருந்து "மனு சார்" என்று கூவினார்கள். தாசில்தாரும் கலால் அதிகாரியும் சாயங்காலம் நேரில் வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது. அதை உன்னிடம் போனில் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். "வரட்டும், பாக்கட்டும்" என்று நீ சொன்னது காதில் இருக்கிறது. ஆனால் அதை நீ அந்தத் தேதிக்குச் சொன்னாயா, முன்னால் ஒரு தடவை வருவதாகச் சொல்லி வராமல் போனார்களே, அதற்குச் சொன்னாயா என்று எவ்வளவு யோசித்தாலும் பிரித்தெடுக்க முடியவில்லை.

அவர்கள் வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நான் கூட்ரோட்டில் நின்றேன். பஸ் வரும் நேரம்தான் காட்ட வேண்டிய நேரம். "இப்ப வரும் சார், இறங்கும்போது பாருங்க" என்றேன். பஸ் வந்தது. நிற்கவில்லை. எங்களைத் தாண்டி, கடையைத் தாண்டி, இடதுபுறம் திரும்பி ஊருக்குள் போனது. சன்னலோரம் இருந்த பெண்கள் எனக்குக் கையசைத்தார்கள். கலால் அதிகாரி என்னைப் பார்த்தார். கடை முன்னால் சில பேர் ஓரமாக, அமைதியாக, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நின்றிருந்தார்கள். தாசில்தார் கேட்டார்:

"பெண்கள் இறங்கற எடம்னு எழுதியிருக்கீங்களே, எங்க சார் எறங்கறாங்க?"

பஸ் போன பக்கம் கையைக் காட்டினேன்.

அன்றிலிருந்து பஸ் ஊருக்குள் பால் சொசைட்டி வரை வரும் என்று நீ மாற்றியிருந்தாய். பெண்கள் பால் சொசைட்டி வாசலில் இறங்கி அவரவர் தெருவுக்குப் போய்விட்டார்கள். பொது அமைதிக்குப் பங்கம் ஏதும் காணப்படவில்லை என்று எழுதிக்கொண்டு அதிகாரிகள் போய்விட்டார்கள். மனு முடிந்தது. கடை அங்கேயே இருந்தது, இருக்கிறது.

மறுநாள் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு உன்னிடம் வந்தேன். விரல் வைக்கும் மெஷின் பழுதாகி, ஆட்கள் வரிசையில் நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லாரும் கேட்கத்தான் கேட்டேன்.

"அவங்க வர்றது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரிஞ்சா இன்னா, தெரியாட்டி இன்னா. நேத்து பொம்பளைங்க நிம்மதியா வூட்டுக்குப் போனாங்களா இல்லியா?"

"கடையை மூடியிருப்பாங்கடா."

"மூடி? அடுத்த ஊர்ல தொறப்பாங்க. அங்கயும் நம்ம பஸ் போவுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாய். "மொதல்ல இன்னிக்கி சாயந்தரத்தப் பாப்போம்டா. கவர்மெண்ட நாளைக்கி பாக்கலாம்."

வரிசையில் நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். நீயும் சிரித்தாய் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பைத்தான் இத்தனை வருடம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதோடு விட்டாயா? ஊருக்குள் பஸ் திரும்ப இடமில்லை. பால் சொசைட்டி எதிரில் பின்னுக்கு எடுத்துத்தான் திருப்ப வேண்டும். அந்த நேரத்தில் அங்கே பாட்டிகள் பால் கேனோடு நிற்பார்கள், பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள், ஆடு மாடு குறுக்கே வரும். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்று விசில் ஊத வேண்டும். கம்பெனியில் எத்தனையோ நிதானமான ஆட்கள் இருந்தார்கள். நீ என் தம்பியைப் போட்டாய்.

செய்தி கேட்டதும் பேசுவதில்லை என்ற என் வைராக்கியத்தை உடைத்துக்கொண்டு போன் செய்தேன். நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

"குடிகாரன் கையில விசிலைக் குடுத்திருக்கியே, யாராவது சக்கரத்துல மாட்டினா?"

நீ திருப்பிக் கேட்டாய்: "நீ அவன் கைல இன்னாடா குடுத்த?"

நான் போனை வைத்துவிட்டேன்.

நான் கொடுத்ததை நீ அறியாமல் இல்லை. வேலூரில் மருத்துவமனையில் சேர்த்து, கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னவன் நான். அவன் மனைவியும் பிள்ளையும் சாப்பிட்டார்களா என்று பார்த்தவன் நான். நீ ஒரு பிளாஸ்டிக் விசில் கொடுத்தாய்.

ஆனால் நடந்ததை நான் பார்த்தேன். முதலில் அவன் பஸ்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டு, கூட்ரோட்டுக்கு நடந்து போய்க் குடித்துவிட்டு வந்தான். அப்புறம் சில நாள் போனான், சில நாள் போகவில்லை. பால் சொசைட்டியில் கேனோடு நிற்கிற கிழவிகள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். "இன்னாடா விசிலு, இன்னிக்கி பஸ்ஸு லேட்டு?" என்று வம்புக்கு இழுப்பார்கள். அவன் பெரிய போலீஸ் மாதிரி, "ஏ ஆயா, ஓரம் போ, அப்பால கால் போச்சுன்னு அழுவாத" என்று அதட்டுவான். வீட்டுக்கு வந்ததும் அதை நடித்துக் காட்டுவான். ஒரு கட்டத்தில் அவன் கூட்ரோட்டுக்குப் போவதே இல்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் என்று பயம்.

மருத்துவமனையா, விசிலா? ஒருநாள் தம்பியையே கேட்டேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டும் இல்லண்ணா, அலுத்துப் போச்சு" என்றான். அதை நான் நம்பவில்லை. நம்ப விரும்பவில்லையோ என்னவோ. அலுப்புதான் காரணம் என்றால் நீயும் நானும் எதற்காகச் சண்டை போட்டோம்?

நீ வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும் வழியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், பிறகு எழவில்லை என்று தம்பிதான் வந்து சொன்னான். நான் வந்தேன். தெரு முனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் இருந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தோள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். தம்பி கூட்டத்துக்குள்ளிருந்து கை நீட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் உள்ளே போய்விட்டேன். கொஞ்ச தூரம் உன் பாரம் என் தோளில் இருந்தது. பிறகு வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கூட்டம் போன பிறகு சாலையில் நின்று, இப்போது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உன் நாற்காலிக்குப் புது ஆள் வந்திருக்கிறார். கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. டீசல் செலவைக் குறைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் மட்டும் பஸ் எதற்காக ஊருக்குள் போய்த் திரும்புகிறது என்று கேட்டாராம். டிரைவருக்குத் தெரியவில்லை, அவரும் புதியவர். ஆபீசில் எந்தக் காகிதத்திலும் இல்லை. எப்படி இருக்கும்? நீதான் எதையும் எழுதுவதில்லையே. பேர் போடாமல் செய்த வேலை, ஆள் போனதும் போய்விட்டது. பஸ் மறுபடியும் கூட்ரோட்டில், கடைக்கு எதிரில் நிற்கிறது. பின்னுக்கு எடுக்க வேண்டியதில்லை. அதனால் விசில் ஆணியில் தொங்குகிறது.

இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு திருப்தி வருவதை மறைக்கவில்லை. பார்த்தாயா, காகிதம் வேண்டும் என்று நான் சொன்னேனே. ஆனால் அந்தத் திருப்தி அரை நிமிடம் கூட நிற்பதில்லை. சாயங்காலம் ஆனதும் கண் கடிகாரத்துக்குப் போகிறது.

இப்போது பஸ் வரும் நேரத்துக்கு நான் கூட்ரோட்டில் போய் நிற்கிறேன். ஒயின்ஷாப்புக்கு எதிரில், முட்டைக் கடைக்குப் பக்கத்தில். மனு சார் கடைசியில் இங்கேயே வந்துவிட்டார் என்று ஊரில் பேச்சு. ஒருவன் எனக்குத் தம்ளர் நீட்டினான். "கம்மியா ஊத்தறேன் சார், ஒடம்புக்கு நல்லது" என்றான். பஸ் கதவு திறந்தால் சொல்யூஷன் வாடை வருகிறது, முதுகுப்பக்கத்திலிருந்து கடையின் வாடை வருகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். தம்பி கடைசியாக இறங்குகிறான். எதிரே பார்க்கிறான். பிறகு என்னைப் பார்க்கிறான். என்னோடு நடந்து வருகிறான், பிடித்துக்கொண்டு போகிற கைதி போல.

நேற்று நடுவழியில் நின்றுவிட்டான்.

"இன்னாண்ணா, எனுக்கு காவலா?"

"சும்மா காத்தாட வந்தேன்."

"காத்தாட வர்ற எடமா அது?" சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "ஒண்ணு சொல்லட்டா? நீ அங்க வந்து நின்னாதான் எனுக்கு உள்ள போவணும்னு தோணுது. பஸ்ஸு பின்னால நிக்கும்போது ஒரு நாளும் தோணல."

இதற்கு என்ன செய்வது, நீயே சொல். போய் நின்றால் அவனைக் கடைக்குள் தள்ளுகிறேன். நிற்காவிட்டால் யார் அவனைத் தாண்டி அழைத்து வருவார்கள்? போன வாரம் எனக்கு லேபில் நேரமாகிவிட்டது. அன்று அவன் மிக்சர் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். அது கடை வாசலில் மட்டும் விற்கிற மிக்சர். அவன் மேல் குடித்த வாடை இல்லை. அவன் மனைவி பொட்டலத்தை அடுப்பில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான்தான் ஏதோ செய்ய வேண்டும் என்பது போல.

இன்று காலை, விசிலை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தபோது, நிர்மலா இன்னும் சில பெண்களோடு வந்து நின்றாள்.

"சார், பழையபடி பேஜாரா கீது சார். போன வாரம் நீங்க வராத அன்னிக்கி ஒருத்தன் படியிலயே கைய வெச்சிகினு நிக்கறான், எறங்க வுட மாட்டேன்றான். நீங்க கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. பஸ்ஸு பால் சொசைட்டிக்கு வரணும்னு."

"எழுதறேன். எல்லாரும் கையெழுத்து போடுவீங்களா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கையெழுத்து போட்டா வேலைக்கு வேட்டு வெச்சுடுவாங்க சார். நீங்க கம்பெனி ஆளு இல்ல. நீங்க போடுங்க."

எப்போதும் போல முதல் கையெழுத்து நான். இந்த முறை கடைசிக் கையெழுத்தும் நான்தான்.

அவர்கள் போன பிறகு பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி மூன்று முறை கிழித்தேன். அந்தப் புது மனிதருக்கு எதை எழுதினாலும் மனு வாசம் வந்தது. பஸ் ஏன் உள்ளே போனது என்பதை உன்னிடம்தான் சொல்ல வருகிறது. அதனால்தான் இதை உனக்கே எழுதத் தொடங்கினேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது தம்பி பின்னால் வந்து நின்றான். இன்று அவனுக்கு வார லீவு. நான் மறைக்கவில்லை. மருத்துவமனையும் மிக்சரும் இருக்கிற பக்கங்களையெல்லாம் நிதானமாகப் படித்தான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது கம்பெனிக்குப் போனா உனக்கு அசிங்கம்டா" என்றேன். "உன்னைப் பத்தி இருக்கிறதை எடுத்துடறேன்."

"நான் குடிச்சது பஸ்ஸுக்கே தெரியும். அத எடுத்துட்டா பஸ்ஸு எதுக்கு உள்ள வரணும்? இருக்கட்டும்." ஆணியிலிருந்த விசிலை எடுத்துக் கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கதவருகே போய்த் திரும்பினான். "ஒம்பேர மட்டும் போடாதண்ணா. ஒம்பேரப் பாத்தா மனுன்னு நெனச்சு தூக்கிப் போட்ருவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. கோபம்தான் என்று நினைக்கிறேன். படித்தவன் எழுதியதன் அடியில் அவன் பெயர் இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை காலம் இருந்துவிட்டேன். அதற்காக என் வாசலில் பாட்டில் உடைந்தது, அதற்காக உன்னையும் விட்டேன். இப்போது உன் பேச்சையே என் தம்பி என் வீட்டுக்குள் நின்று எனக்குச் சொல்கிறான். நீ சொல்லிக்கொடுத்தாயா, அவனாகச் சொன்னானா என்று இதையும் கேட்க ஆளில்லை.

அன்று அதிகாரிகள் வருவது உனக்குத் தெரியுமா, தெரியாதா? இதை இன்னும் நான் மன்னிக்கவில்லை. பஸ் மறுபடி ஊருக்குள் வந்த பிறகும் மன்னிப்பேனா என்று தெரியவில்லை.

உறையின் மேல் கம்பெனி பெயரும், கீழே டைம் ஆபீஸ் என்றும் எழுதியிருக்கிறேன். உன் நாற்காலிக்கு வருவதை அதில் உட்கார்ந்திருப்பவர் பிரித்துத்தான் ஆக வேண்டும். செத்தவனுக்கு வந்த கடிதம் என்று கிழித்துப் போடலாம். ஒரு ஊருக்குள் பஸ் எதற்காக வந்தது என்று கடைசிவரை படித்தும் பார்க்கலாம். பஸ் வரும் நேரத்துக்கு முன்னால் மாதனூர் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன். நாளைச் சாயங்காலம் பஸ் எங்கே நின்றாலும் நான் கூட்ரோட்டுக்குப் போகப் போவதில்லை. பால் சொசைட்டி வாசலில் நின்று காத்திருப்பேன்.

என் கையெழுத்தை நீ எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாய். அவருக்கு அது தேவையில்லை. அடியில் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டு ஒட்டுகிறேன்.